பெங்களூரில் அப்ளைடு மேத்ஸ் பட்டம்: கட்டாயப் பாடங்களில் எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பீன்யா டூல்ரூம் | சனி, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் பி.யூ. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள், பி.சி.எம்.சி. (இயற்பியல், வேதியியல், கணிதம், கணினியியல்) எடுத்திருக்கிறாள். பொறியியல் வேண்டாம், கணிதம்தான் படிப்பேன், அதிலும் அப்ளைடு மேத்ஸ் (பயன்பாட்டுக் கணிதம்)தான் என்று உறுதியாக நிற்கிறாள். எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. நான் பீன்யாவில் ஒரு டூல்ரூமில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், டிப்ளமோவோடு நின்றவன். என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாமல் ஒரு கல்லூரி வாசலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கக் கூடாது, அதுதான் என் கவலை.

நேற்று ராத்திரி நாலு கல்லூரிகளின் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஒன்றில் ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி எல்லாம் நிரூபணத்தோடு படிப்பது) மட்டும் மூன்று தாள், நியூமரிக்கல் (விடையைக் கணினியில் எண்ணாகக் கணக்கிடும் முறைகள்) எதுவுமே இல்லை. இன்னொன்றில் பைதான், ஆர் என்ற நிரல் மொழிகள், டேட்டா சயன்ஸ் என்று வரிசையாக இருக்கிறது, ஆனால் லீனியர் அல்ஜீப்ரா (அணிகள் பற்றிய பாடம்) ஒரே ஒரு தாள், அதுவும் விருப்பப் பாடம். மூன்றாவதில் கணிதத்தோடு இயற்பியலும் வேதியியலும் சம அளவு. நாலாவதில் பட்டத்தின் பெயரிலேயே "அப்ளைடு" இருக்கிறது, உள்ளே போனால் பாதி வணிகப் பாடம்.

அப்ளைடு மேத்ஸ் என்று சொல்ல எந்தெந்தப் பாடங்கள் இருந்தே ஆக வேண்டும்? எதை அப்புறமாகத் தானே படித்துக்கொள்ளலாம்? மூன்று வருஷப் பட்டம் போதுமா, நாலு வருஷம் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர் டேட்டா | சனி, காலை 8:15

சார், நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஏழு வருஷமாக வங்கி மோசடிகளைக் கண்டுபிடிக்கும் மாடல்கள் எழுதும் வேலையில் இருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் அல்ஜீப்ரா, நன்றாக நிரல் எழுதத் தெரிவது, இந்த நாலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ரியல் அனாலிசிஸில் வரும் எப்சிலான் டெல்டா நிரூபணத்தை ஒரு நாள்கூட வேலையில் எழுதியதில்லை. உங்கள் இரண்டாவது கல்லூரியையே எடுங்கள் என்பேன். நிரூபணத்தில் ஆசை இருந்தால் எம்.எஸ்சி.யில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிரேசர் டவுன் வாத்தியார் | சனி, காலை 10:30

ஐயா, முதலில் உங்களுக்கு ஒரு வணக்கம். பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்து ஒப்பிடும் பெற்றோரை என் பத்தொன்பது வருஷப் பணியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் பட்டத்தின் பெயரையும் கட்டணத்தையும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பெயரை நம்ப வேண்டாம். "அப்ளைடு" என்ற சொல்லை எந்தக் கல்லூரியும் போட்டுக்கொள்ளலாம். கையில் இருக்கும் தாளில் முதலில் கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எது என்று இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். விருப்பப் பாடப் பட்டியலில் பதினைந்து தலைப்புகள் அழகாக இருக்கும். எடுக்க ஆசிரியர் இல்லாமல் அதில் இரண்டோ மூன்றோதான் வருஷா வருஷம் நடக்கும். அதனால் முக்கியமான பாடம் விருப்பப் பட்டியலில் கிடந்தால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் கட்டாயமாக இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். நுண்கணிதம், ஒரு மாறியிலும் பல மாறிகளிலும். லீனியர் அல்ஜீப்ரா குறைந்தது ஒரு முழுத் தாள், இரண்டு இருந்தால் நிம்மதி. வகைக்கெழுச் சமன்பாடுகள், அதாவது ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடுகள்; ஒரே மாறியைப் பொறுத்தது சாதாரணம், பல மாறிகளைப் பொறுத்தது பகுதி, இரண்டும் வேண்டும். நிகழ்தகவும் புள்ளியியலும். ரியல் அனாலிசிஸ் ஒரு முழுத் தாள். நியூமரிக்கல் அனாலிசிஸ், லேபோடு. முதல் வருஷத்திலேயே நிரல் எழுதும் பாடம் ஒன்று. கடைசியாக, கணிதத்துக்கு வெளியே ஏதாவது ஒரு துறையில் தொடர்ச்சியாகச் சில தாள்கள். இயற்பியல், பொருளியல், உயிரியல், கணினியியல் எதுவானாலும் சரி. ஆப்டிமைசேஷன் (மிகச் சிறந்த விடையைத் தேடும் முறைகள்) ஒரு தாள் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரில் எல்-டி-பி என்று மூன்று எண்கள் இருக்கும். எல் என்றால் லெக்சர், டி டுடோரியல், பி பிராக்டிகல். வாரத்துக்கு ஒரு மணி நேர லெக்சருக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர லேபுக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. நியூமரிக்கல் அனாலிசிஸுக்கு எதிரில் 3-0-2 என்றிருந்தால் வாரம் இரண்டு மணி நேரம் பிள்ளை கணினியில் உட்காருவாள். 3-1-0 என்றிருந்தால் சமன்பாட்டின் விடையைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன்–ராஃப்ஸன் முறைகூடக் கரும்பலகையில்தான். என் வகுப்பில் இரண்டு விதமாகவும் நடத்தியிருக்கிறேன். லேப் இல்லாமல் நடத்திய வருஷங்களில் படித்த பிள்ளைகளிடம் எனக்கு இன்றைக்கும் ஒரு கடன் பாக்கி இருப்பதாகத்தான் நினைக்கிறேன்.

ரொம்ப முக்கியம், வரிசை. எந்தப் பாடத்துக்கு முன் எது வருகிறது என்பது. மத்தியானம் எழுதுகிறேன், இப்போது வகுப்பு இருக்கிறது.

பீன்யா டூல்ரூம் | சனி, காலை 11:05

மிக்க நன்றி சார். மெஷின் ஓடும்போதே நடுவில் போனில் படித்தேன். வீட்டுக்கு போன் பண்ணி மகளை எல்-டி-பி பார்க்கச் சொன்னேன். நாலில் ஒன்றில்தான் நியூமரிக்கலுக்கு லேப் இருக்கிறதாம். மூன்றாவது கல்லூரி, கணிதம் இயற்பியல் வேதியியல் என்று சம அளவில் இருக்கிறதே, அது. அதை நாங்கள் ஓரமாக எடுத்து வைத்திருந்தோம்.

கே.ஆர்.புரம் வாசி | சனி, மதியம் 12:40

வரிசை பற்றி வாத்தியார் சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லூரி என்று வேண்டாம். எங்களுக்கு நிகழ்தகவுத் தாள் முதல் வருஷம். பல மாறி நுண்கணிதம் இரண்டாம் வருஷக் கடைசி. நிகழ்தகவில் பாதியில் இரண்டு சமவாய்ப்பு மாறிகள் சேர்ந்து வரும் பகுதி வந்தது. அதற்கு இரட்டைத் தொகையீடு தெரிய வேண்டும். எங்களில் யாருக்கும் தெரியாது. "எல்லையை இப்படிப் போடு, உள்ளே இருப்பதை முதலில் தொகையிடு" என்று மேடம் எழுதிப் போட்டதை அப்படியே நோட்டில் இறக்கினோம். ஒரு முக்கோணப் பரப்பின் மேல் தொகையிடும்போது உள் எல்லையில் ஏன் ஒரு மாறி வருகிறது என்று கேட்டேன். அது அடுத்த வருஷம் வரும் என்று சொல்லிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, பாடத்திட்டம் அப்படி. அந்தத் தாளில் எனக்கு 82 மார்க். ஆனால் நிகழ்தகவு எனக்குப் புரிந்தது வேலைக்குப் போன பிறகு, இருபத்தாறு வயதில், ராத்திரி ராத்திரியாகத் திரும்பப் படித்தபோதுதான். தங்கைக்கு அந்த நிலை வரக் கூடாது.

ஃபிரேசர் டவுன் வாத்தியார் | சனி, மதியம் 2:20

கே.ஆர்.புரம் தம்பி சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். நெஞ்சு வலிக்கிறது, ஆனால் உண்மை.

நுண்கணிதம் முடிந்து பல மாறி, அதற்கப்புறம் நிகழ்தகவின் இரண்டாம் பாதி. லீனியர் அல்ஜீப்ராவில் ஐகன் மதிப்பு (ஓர் அணி சில திசைகளை எத்தனை மடங்கு நீட்டுகிறது என்ற எண்) வந்த பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகளின் தொகுதிகள். சாதாரண வகைக்கெழு முடிந்து, பல மாறியும் கையில் இருந்தால்தான் பகுதி வகைக்கெழு. நியூமரிக்கலுக்கு நுண்கணிதம், அணிகள், நிரல் மூன்றும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். நிரல் பாடம் ஐந்தாம் செமஸ்டரில் இருந்து நியூமரிக்கல் மூன்றாம் செமஸ்டரில் இருந்தால் அந்த லேபில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மகளிடம் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, பாடங்களைக் கட்டம் கட்டமாக எழுதி, எது எதற்கு முன் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்பு பின்னோக்கிப் போகும் கல்லூரியில் யோசித்துச் சேருங்கள்.

மூன்று வருஷமா நாலா என்ற கேள்விக்கு: கர்நாடகத்தில் 2021-22 முதல் தேசியக் கல்விக் கொள்கைப்படி நாலு வருஷ ஆனர்ஸ் வந்தது. 2024-25 முதல் மாநில அரசு அதை விட்டுவிட்டு மூன்று வருஷத்துக்குத் திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நாலு வருஷம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் போட்ட சட்டகப்படி மூன்று வருஷத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நாலு வருஷத்துக்கு 160. நாலு வருஷப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் எம்.எஸ்சி. இல்லாமலேயே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் 2022 விதியில் இருக்கிறது. ஆனால் எம்.எஸ்சி. இங்கேயே படிக்கப் போகிறாள் என்றால் நல்ல மூன்று வருஷப் பட்டம் தாராளமாகப் போதும். நாலாவது வருஷத்தில் ப்ராஜெக்ட் தவிர என்ன இருக்கிறது என்று பாருங்கள், அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

மைசூரு ரோடு பழைய மாணவி | சனி, மாலை 4:45

அண்ணா, மகளிடம் இந்திய புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தைப் பற்றிச் சொன்னீர்களா? மைசூரு ரோட்டில் இருக்கிறது. பி.மேத் ஆனர்ஸ், மூன்று வருஷம், 2000-ல் தொடங்கியது. நான் அங்கே படித்தவள். தனி நுழைவுத் தேர்வு. நான் எழுதியபோது காலையில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள், மதியம் முழுக்க எழுதி நிறுவும் தாள். பி.யூ. பாடத்தை மனப்பாடம் செய்து மதியத் தாளை எழுத முடியாது. சின்னச் சின்னக் கேள்விகளை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் இருந்தால் எழுதலாம்.

பெயரில் "அப்ளைடு" கிடையாது. அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் செமஸ்டர் செமஸ்டராகத் தொடர்ந்து வரும். ஆனால் நிகழ்தகவு, புள்ளியியல், கணினியியல், ஆப்டிமைசேஷன், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் உண்டு. இயற்பியலும் கட்டாயம். அந்த இயற்பியல் எதற்கு என்று முதல் வருஷம் முணுமுணுத்தவள் நான். மூன்றாம் வருஷம் வகைக்கெழு வடிவியலில் வளைவு என்ற சொல் வந்தபோது, மெக்கானிக்ஸில் பார்த்த பாதைதான் கண்ணுக்குள் வந்தது. அதனால் உங்கள் மூன்றாவது கல்லூரியை இயற்பியல் இருக்கிறது என்பதற்காகத் தள்ள வேண்டாம்.

இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) 2011-லிருந்து நாலு வருஷ பி.எஸ். ஆராய்ச்சிப் பட்டம் இருக்கிறது, அதில் கணிதத்தை மேஜராக எடுக்கலாம். முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொது, இயற்பியல் வேதியியல் உயிரியல் எல்லாம் படிக்க வேண்டும். 2022-ல் மேத்ஸ் அண்ட் கம்ப்யூட்டிங் என்று பி.டெக். தொடங்கினார்கள், அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழி. எல்லா வாசலையும் தட்டிப் பார்க்கட்டும். கிடைக்கவில்லை என்றாலும் அந்த இடங்களின் பாடப் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது, அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

சர்ஜாபூர் அக்கா | சனி, இரவு 9:10

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு ஒப்பீடு. என் தங்கை பையனுக்காகப் போன வருஷம் தேடிப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அப்ளைடு மேத்ஸ் மேஜருக்கு, பட்டத்தின் மேல்கட்டப் பாடங்களில் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குலம் (குரூப்) வளையம் (ரிங்) எல்லாம் வரும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், நியூமரிக்கல் அனாலிசிஸ் ஐந்தும் கட்டாயம். அதற்கு மேல் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அதில் மூன்று பாடம். அப்ளைடு என்பதற்காக அனாலிசிஸையோ அல்ஜீப்ராவையோ அவர்கள் எடுத்துவிடவில்லை. சுத்தக் கணிதம் படிப்பவனின் அடித்தளத்தின் மேல் நியூமரிக்கலையும் ஒரு துறையையும் ஏற்றி வைக்கிறார்கள். இங்கே நிறையக் கல்லூரிகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். அடித்தளத்தில் இரண்டு கல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் மென்பொருள் பெயர் போட்ட தாளை வைத்துவிட்டு அப்ளைடு என்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம், பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

மகளுக்கு எந்தத் துறையில் ஆசை என்று நீங்கள் சொல்லவே இல்லையே அண்ணா?

பீன்யா டூல்ரூம் | சனி, இரவு 10:00

வானிலை, காற்று, நீரோட்டம் இதெல்லாம்தான் அவளுக்குப் பிடித்தம். மழை வரும் முன் ஹெப்பால் ஏரிப் பக்கம் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மாடியில் நின்று எழுதி வைத்துக்கொள்வாள்.

முருகேஷ்பாளையா தாத்தா | ஞாயிறு, காலை 5:40

அம்மாடி, அந்த மேகத்தை எழுதி வைக்கும் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1986-ல் இந்த ஊரில், விமானத் துறை ஆய்வகமான என்ஏஎல்லில், ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினி (பல செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்வது) உருவான காலத்து ஆள். திரவ ஓட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கத்தான் அந்த இயந்திரம். அப்போது எங்களோடு வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களில் நியூமரிக்கலைக் கையால் போட்டுப் பழகியவர்களும் இருந்தார்கள், சூத்திரமாக மட்டும் படித்தவர்களும் இருந்தார்கள். ஒரு மாதத்தில் யார் எவர் என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு தருகிறேன், காகிதத்தில் போட்டுப் பார். க, ச என்று இரண்டு மாறிகள்.

0.0001 க + ச = 1
க + ச = 2

பள்ளியில் படித்தபடி தீர்த்தால் க ஏறக்குறைய 1.0001, ச ஏறக்குறைய 0.9999. இப்போது உன் கணினி மூன்று இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளும் ஏழைக் கணினி என்று நினைத்துக்கொள். ஒவ்வொரு கூட்டல் கழித்தலுக்குப் பிறகும் முதல் மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்க வேண்டும். முதல் வரியை 10000-ஆல் பெருக்கி இரண்டாம் வரியிலிருந்து கழி. ச-வின் கெழு 1 − 10000 = −9999, மூன்று இலக்கத்தில் அது −10000. வலப்பக்கம் 2 − 10000 = −9998, அதுவும் −10000 ஆகிவிடும். ஆக ச = 1. முதல் வரியில் போடு: 0.0001 க = 0. க = 0 என்று விடை வருகிறது. 1 வர வேண்டிய இடத்தில் 0.

இப்போது இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதிவிட்டு அதே வேலையைச் செய். ச = 1, க = 1 வரும். மூன்று இலக்கத்துக்கு இதைவிடச் சரியான விடை கிடையாது.

சமன்பாடு அதேதான், கணினியும் அதேதான். வரிசையை மாற்றியதும் விடை சரியாகிவிட்டது. அசல் கணினியில் பதினைந்து பதினாறு இலக்கம் இருக்கிறது, ஆனால் சமன்பாடுகளும் இரண்டல்ல, லட்சக்கணக்கில். எங்கே இப்படி இலக்கம் தொலைகிறது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிவதுதான் நியூமரிக்கல் அனாலிசிஸ். லேப் இருக்கிறதா என்று வாத்தியார் கேட்கச் சொன்னது இதனால்தான். அந்த லேபில் என்ன செய்ய வைக்கிறார்கள் என்பதையும் கேள். சூத்திரத்தை நிரலாக்கி விடையை ரெக்கார்டில் ஒட்டுவதோடு நிற்கிறார்களா, விடை எப்போது தப்பாகும் என்று தேட வைக்கிறார்களா?

பீன்யா டூல்ரூம் | ஞாயிறு, காலை 9:30

அப்பாவின் கணக்கிலிருந்து மகள் எழுதுகிறேன். தாத்தா, கணக்கைப் போட்டேன். க = 0 வந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன், அப்போதும் 0. பிறகு வரிகளை மாற்றிப் போட்டதும் 1 வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் தொழிலில் ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) விட்டு, எல்லாம் சேர்ந்து கடைசியில் அசெம்பிளி உட்காராமல் போகும் என்பார், எந்தப் பரப்பை முதலில் ஆதாரமாகப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

அல்சூர் அண்ணாவிடம் ஒரு கேள்வி. இந்தக் கணக்கில் க = 0 வரும் என்று நிரூபிப்பதும் உங்கள் வேலையில் தேவைப்படாததா? நிரூபணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எந்த நிரூபணத்தை?

அல்சூர் டேட்டா | ஞாயிறு, காலை 11:20

நல்ல கேள்வி தங்கச்சி. நேர்மையாக யோசித்துச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு மாடலைப் பயிற்றுவிக்கும்போது பிழை குறைவதற்குப் பதிலாக ஒவ்வொரு சுற்றுக்கும் பெருத்துக்கொண்டே போனது. நான் செய்தது, லேர்னிங் ரேட்டை (ஒவ்வொரு சுற்றிலும் சரிவுக்கு எதிராக எவ்வளவு நகர்வது என்ற அளவை) பத்தில் ஒன்றாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது. ஏன் சரியானது என்று கேட்டால் "பொதுவாக அப்படித்தான்" என்பேன். வேலை நடந்தது. அதனால்தான் நிரூபணம் தேவைப்படவில்லை என்று எழுதினேன். நான் சொன்னது ரியல் அனாலிசிஸ் தாளில் வரும் எல்லை, தொடர்ச்சி பற்றிய நிரூபணங்களை.

ஃபிரேசர் டவுன் வாத்தியார் | ஞாயிறு, மதியம் 1:00

தம்பி, நீங்கள் சொன்ன அதே சம்பவத்தை எடுத்துக்கொள்வோம், எனக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

25 க² என்ற எளிய சார்பை எடுங்கள். குறைந்தபட்சம் க = 0-வில். சரிவு 50 க. லேர்னிங் ரேட் 0.1 என்றால் புதிய க = க − 0.1 × 50 க = −4 க. 1-இல் தொடங்கினால் −4, 16, −64, 256. நீங்கள் பார்த்த பெருக்கம் இதுதான். ரேட்டை 0.01 ஆக்கினால் புதிய க = 0.5 க. ஒவ்வொரு சுற்றுக்கும் பாதியாகும். எல்லை எங்கே என்றால் 0.04-இல். அதற்குக் கீழே எந்த ரேட்டும் பூஜ்யத்தை நோக்கிப் போகும், 0.04-இல் 1, −1, 1, −1 என்று ஊசலாடும், அதைத் தாண்டினால் வெடிக்கும்.

இப்போது தங்கச்சியின் மேகத்துக்கு வருவோம். ஒரு பொருளின் அளவு தன் அளவின் 50 மடங்கு வேகத்தில் குறைகிறது என்ற வகைக்கெழுச் சமன்பாட்டை ஆய்லர் முறையில் (இப்போதைய வேகத்தை வைத்து அடுத்த படியைக் கணக்கிடுவது), நேரத்தை 0.1 படியாக வைத்துத் தீர்த்தால் என்ன வரும்? 1, −4, 16, −64. அதே எண்கள். அசல் விடை சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்க வேண்டியது, முதல் படியிலேயே 0.0067. மோசடி மாடலும் வானிலையும் ஒரே பெருக்கலில் வந்து நிற்கின்றன. ஒரு மாறிக்குப் பதில் ஆயிரம் மாறி வந்தால் 50-இன் இடத்தில் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பு உட்காரும். அங்கே லீனியர் அல்ஜீப்ராவின் இரண்டாம் தாள் தேவைப்படுகிறது. "எந்தத் தொடக்கப் புள்ளியில் இருந்தாலும் கட்டாயம் பூஜ்யத்துக்கு நெருங்கும்" என்ற வாக்கியத்தில் "நெருங்கும்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லித் தருவதுதான் ரியல் அனாலிசிஸின் முதல் மாதப் பாடம்.

அதனால்தான் ஒரு முழுத் தாள் கட்டாயம் என்கிறேன். மூன்று தாள் கேட்கவில்லை.

அல்சூர் டேட்டா | ஞாயிறு, மதியம் 1:50

சார், இதைப் படித்துவிட்டுப் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான் பத்தில் ஒன்றாகக் குறைத்ததால் பயிற்சி முடிய ஒன்றரை நாள் ஆனது. எல்லை எங்கே என்று தெரிந்திருந்தால் அவ்வளவு குறைத்திருக்க வேண்டாம். ஒரு தாள் கட்டாயம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். புள்ளியியலுக்கு ஒரு தாள் போதாது, இரண்டு வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. சாம்பிள் எப்படி எடுத்தார்கள் என்று கேட்கத் தெரியாதவர்களோடு தினமும் வேலை செய்கிறேன்.

ஃபிரேசர் டவுன் வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2:05

இரண்டு வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன்.

மைசூரு ரோடு பழைய மாணவி | ஞாயிறு, மாலை 6:15

இன்னொரு விஷயம், மேற்படிப்பை நினைத்து. எம்.எஸ்சி.க்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வில் கணிதத் தாளுக்கு ரியல் அனாலிசிஸ், பல மாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, லீனியர் அல்ஜீப்ரா, குலங்கள் இவ்வளவும் வரும். நியூமரிக்கலும் நிகழ்தகவும் அந்தத் தாளில் இல்லை, புள்ளியியலுக்குத் தனித் தாள். ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் ஜாம் வழி உண்டு. "அப்ளைடு" என்ற பெயரில் குலக் கோட்பாட்டை முழுக்க விட்ட பட்டத்தில் சேர்ந்தால் மூன்றாம் வருஷம் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். முடியாதது இல்லை, என் தோழி ஒருத்தி படித்தாள், ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தங்கச்சிக்கு வானிலையும் நீரோட்டமும் பிடிக்கும் என்றால் எலகங்கா பக்கம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) பயன்பாட்டுக் கணித மையம் இருக்கிறது. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுதான் அவர்களுக்கு உயிர். இளநிலைப் பட்டம் அங்கே இல்லை, அதற்குப் பிறகுதான். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு முகவரி மனதில் இருக்கட்டும்.

சர்ஜாபூர் அக்கா | ஞாயிறு, இரவு 8:30

அப்படியானால் மகளுக்கான துறை இயற்பியல் என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது கல்லூரியில் அது தானாகவே கிடைக்கிறது. வேதியியலுக்குப் பதில் கணினியியல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள் அண்ணா. இந்த ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் இயற்பியல், கணிதம், கணினியியல் சேர்க்கை உண்டு.

பீன்யா டூல்ரூம் | அடுத்த சனி, மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போய் வந்தோம்.

இரண்டாவது கல்லூரியில் அட்மிஷன் கவுண்டரோடு நிறுத்திவிட்டார்கள். துறையில் யாரையாவது பார்க்க முடியுமா என்று கேட்டோம், சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர் மேடமே வெளியே வந்து உட்காரச் சொன்னார். மகள் அம்புக்குறி போட்ட தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் அம்பு பின்னோக்கிப் போகிறது என்று மகள் சொன்னதும், "ஒன்று உண்மை, நாங்களே மாற்றக் கேட்டிருக்கிறோம். இன்னொன்றுக்கு, நிகழ்தகவுக்கு முன் இரட்டைத் தொகையீடு மட்டும் இரண்டு வாரம் நானே தனியாக எடுத்துவிடுவேன்" என்றார். கே.ஆர்.புரம் தம்பி, அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

லேபையும் காட்டினார். இருபது கணினி. ஒரு மூன்றாம் வருஷப் பையன் ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தான். மகள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தாத்தா போடச் சொன்ன அதே வழி, காஸ் நீக்கல் முறை, இருந்தது, வரிகளை மாற்றாமல் ஒரு முறை, மாற்றி ஒரு முறை, இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில். பிழை எவ்வளவு என்று மூன்றாவது பத்தி. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தாத்தா, அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேதியியலுக்குப் பதில் கணினியியல் எடுக்கலாம். புள்ளியியல் ஒரு தாள்தான் கட்டாயம், இரண்டாவது விருப்பம், ஆனால் போன மூன்று வருஷமும் அது நடந்திருக்கிறது, கால அட்டவணையைக் காட்டினார்கள். குலக் கோட்பாடு நாலாம் செமஸ்டரில் கட்டாயம். பகுதி வகைக்கெழு அரைத் தாள்தான், அதுதான் குறை.

இந்திய புள்ளியியல் நிறுவனத்துத் தேர்வுக்கும் விண்ணப்பிக்கப் போகிறோம். பழைய மாணவி அம்மா, மதியத் தாளுக்குப் பழகுவதற்கு எந்த மாதிரிக் கணக்கிலிருந்து தொடங்கலாம் என்று மகள் கேட்கிறாள்.

மைசூரு ரோடு பழைய மாணவி | அடுத்த சனி, இரவு 7:00

தங்கச்சி, இன்றைக்கு ராத்திரி இதோடு தொடங்கு. 1 முதல் 100 வரையுள்ள எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றில் ஒன்று இன்னொன்றை மீதியின்றி வகுக்கும் என்று நிறுவு. விடையைத் தேடாதே. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, முழு வாக்கியங்களில் எழுதி இங்கே போடு. நான் படிக்கிறேன்.

முருகேஷ்பாளையா தாத்தா | அடுத்த சனி, இரவு 7:25

பகுதி வகைக்கெழு அரைத் தாள் என்றால் மீதி அரைத் தாளுக்கு நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெப்பச் சமன்பாட்டிலிருந்து தொடங்கலாம்.